ஏழேகாலுக்கே போய்விட்ட லொறி

போன வாரம் தேயிலைத் தோட்டத்து ஆபிசிலிருந்து புஷ்பராணி போன் பண்ணினாள். நான் ரிடயர் ஆனபிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் என்பதை நான் சொல்லாமல் வந்துவிட்டேன். அதற்குத்தான் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஐயா, ஆபிசுக்குக் கம்பியூட்டர் வந்திருச்சு. இனி காலை ரிப்போர்ட் எழுத வேணாமாம். திரையில பெட்டி பெட்டியா வருது, சரி போட்டாப் போதுமாம். பழைய பைலையெல்லாம் கட்டி ஸ்டோருக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க."

"நல்லதுதானே. கட்டி அனுப்பு."

"அதில்லைங்க ஐயா. புதுசா வந்த சின்னதுரை பைலைத் தொறந்து பார்த்துட்டு, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் பென்சில்ல புள்ளி வச்சிருக்கே, இது என்னான்னு கேக்குறாரு. நான் என்னத்த சொல்ல? நீங்களே எழுதிக் குடுங்க. ஸ்டாப் சங்கத்துப் புத்தகத்துலயும் போட்டுக்கலாம்னு சொல்றாங்க. இன்னொரு விசயமும் இருக்கு. அதை நீங்க எழுதி முடிச்சப்புறம் சொல்றேன்."

சங்கப் புத்தகத்தில் ரிடயர் ஆனவர்கள் எழுதுவது வழக்கம்தான். கடமை, நேர்மை, காலம் தவறாமை என்று ஒழுங்காக வரும். கூடவே கோட் போட்ட ஒரு போட்டோ. எனக்குக் கோட் கிடையாது. நேர்மையும் கொஞ்சம் தட்டுப்பாடு. பதினேழு வருஷ வேலையில் முதல் பதினோரு வருஷம், தினமும் காலை ஏழேகாலுக்கு நான் கொழும்புக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் இங்கிலீசில்.

நான் பிறந்தது இதே தோட்டத்தில். படித்த பிறகு ஓப்பநாயக்க பசாரில் ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றிரண்டில் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறின. கம்பெனி கொழும்பில் இருந்தது, அது தினமும் இங்கிலீசில் சேதி கேட்டது. இங்கிலீசு தெரிந்த கிளாக்கர் வேண்டும் என்றார்கள். அப்போது தோட்டத்தை நடத்திய துரை என்னை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டு, ஏன் வந்திருக்கிறாய் என்று இங்கிலீசில் கேட்டார். "ஐ ஹேவ் கம் சேர்" என்றேன். அது கேள்விக்குப் பதில் இல்லைதான். ஆனால் நான் வந்திருந்தது உண்மை. வேலை கிடைத்தது.

எனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதும் பழைய பைல்களிலிருந்து பொறுக்கியது. பைலில் எல்லா வாக்கியமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. கொழுந்து வந்துவிட்டது, லீஃப் ஹேஸ் கம். கொழுந்து போய்விட்டது, லீஃப் ஹேஸ் கோன். வாடிவிட்டது, ஹேஸ் விதர்ட். யோசித்துப் பார்த்தால் தோட்டத்தில் நடப்பதே இரண்டு காரியம்தான். ஒன்று இடம் மாறும், இல்லாவிட்டால் உரு மாறும். கொழுந்து மலையை விட்டுப் போகும், தேயிலையாகும். றப்பர் பால் கட்டியாகும், ஷீட்டாகும். ஆட்கள் லயத்து வரிசை வீட்டை விட்டுப் போவார்கள், வயசாவார்கள். அத்தனைக்கும் 'ஹேஸ்' என்று ஒரு சாமானைக் கையில் வைத்திருந்தால் போதும். நான் போதும் என்று விட்டுவிட்டேன்.

என் மூத்த மகன் பிறந்தபோது லீவுக்கு எழுதினேன்: மை வைஃப் ஹேஸ் பிகம் மதர், ஐ ஹேவ் பிகம் ஃபாதர், கைண்ட்லி கிராண்ட் டூ டேஸ். துரை மூன்று நாள் கொடுத்தார். பங்களாவில் பால் திரிந்துபோய், சமையல்காரர் வேறு பால் வாங்க ஓப்பநாயக்கவுக்குப் போனதையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்: தி மில்க் ஹேஸ் பிகம் கர்ட், தி குக் ஹேஸ் கோன். அது எப்படியோ கொழும்புக்கான கடிதக் கட்டோடு சேர்ந்து போய்விட்டது. பால் விஷயத்தில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது.

அந்த 'ஹேஸ்' எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாம் 'போயிருச்சு' என்று சொல்லும்போது ஒரு நிம்மதி வருமே, அது அதிலும் இருந்தது. போயிருச்சு, ஆயிருச்சு, முடிஞ்சிருச்சு. இனி யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இப்போது பொய்க்கு வருகிறேன். கம்பெனிக்கு நிறையத் தோட்டங்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் காலையில் ஒரு நேரம் குறித்திருந்தார்கள், அந்த நேரத்தில் போன் எடுத்து ரிப்போர்ட்டை வாசிக்க வேண்டும். எங்கள் முறை ஏழேகால். ஏழேகாலுக்குத் தோட்டத்தில் என்ன நடந்திருக்கும்? ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து ஆட்கள் மலை ஏறிக்கொண்டிருப்பார்கள். கொழுந்து இன்னும் செடியில் இருக்கும். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஒன்பதரைக்குத்தான் கிளம்பும். ஆனால் லொறி கிளம்பிவிட்டதா என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி உண்டு. இன்னும் இல்லை என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு இங்கிலீசில் பதில் சொல்ல என்னால் முடியாது. ஆகவே, 'தி லொறி ஹேஸ் லெஃப்ட்'. எப்படியும் போகத்தானே போகிறது. இரண்டேகால் மணி நேரத்தில் என் பொய் தானாக உண்மையாகிவிடும். பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர் முதல் நாள் மத்தியானமே முழு ரிப்போர்ட்டையும் எழுதி மேசை லாச்சியில் வைத்துவிடுவார். அவரோடு பார்த்தால் நான் அரிச்சந்திரன்.

தொண்ணூற்றெட்டில் ஒரு புதுத் துரை வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். தோட்டங்களில் பழகிய தமிழ், அதில் மரியாதை விகுதிகளைக் கொஞ்சம் தாராளமாகத் தவறவிடுவார். சத்தம் போடமாட்டார். ரிப்போர்ட்டின் கார்பன் பிரதியை நின்றபடியே வாசிப்பார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். மோட்டார் சைக்கிள் இருந்தும் நடந்துதான் வெளியே போவார்.

அவர் வந்த மூன்றாம் நாள், ஒன்பது மணிக்கு, ஸ்டோர் வாசலில் இருந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். லொறி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பியதாச பொனட்டில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். துரை பையிலிருந்து கடதாசியை எடுத்து விரித்தார்.

"கிளாக்கர், இதுல லொறி போயிருக்கு."

"ஆமாங்க துரை."

"இது எந்த லொறி?"

"இது… அதே லொறிதாங்க."

துரை பியதாசவைப் பார்த்தார். "மம தாம கியே நே சேர்" என்றார் பியதாச, தான் இன்னும் போகவில்லை என்று. வாயில் ரொட்டியோடு ஒருவன் இவ்வளவு தெளிவாக உண்மை பேசி நான் கேட்டதில்லை.

நான் வேலை போச்சு என்று நின்றேன். துரை ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஒன்பதரைக்கு லொறி கிளம்பி, வளைவில் இறங்கி, மறைந்தது. அதுவரை இருந்துவிட்டு எழுந்து, பென்சிலை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். "இப்ப போயிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் பிரதி அவர் பைக்குள் போகும். அஞ்சாம் நம்பர் மலையில் மருந்தடித்தாகிவிட்டது என்று நான் எழுதியிருந்தால் அவர் அஞ்சாம் நம்பர் மலைக்கு ஏறுவார். அங்கே நின்று அந்த வரியை வாய்விட்டு வாசிப்பார், பார்ப்பார், புள்ளி வைப்பார். பார்க்க முடியாத வரிக்குப் புள்ளி கிடையாது. சாயங்காலம் பிரதி என் மேசைக்கு வந்துவிடும். "தேங்க் யூ கிளாக்கர்" என்பார். அதில் நக்கல் இருக்கிறதா என்று பல நாள் தேடியிருக்கிறேன், அகப்பட்டதில்லை.

"என்னங்க இது, ஒங்க ரிப்போர்ட்டுக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள் என் மனைவி ஒரு நாள் பார்த்துவிட்டு.

"அவருக்கு நடக்கப் புடிக்கும்" என்றேன். அப்படித்தான் உண்மையாகவே நினைத்தேன். நான் திருந்தவில்லை. எப்படித் திருந்துவது, ஏழேகால் ஏழேகாலாகவே இருந்ததே. நான் முன்கூட்டி எழுதுவேன், அவர் பின்னால் நடந்து போய்ப் பார்ப்பார். இப்படியே ஐந்து வருஷம்.

அந்த வைகாசியில் வெசாக் லீவை ஒட்டி மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. கீழ் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருப்பதைச் சின்னையா கங்காணி கண்டு வந்து சொன்னார். கை போகிற அகலமாம். அந்த லயத்தில் பதினாலு குடும்பம், அறுபத்திரண்டு பேர். துரை உடனே போய்ப் பார்த்தார். விடிவதற்குள் எல்லாரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று என்னிடமும் கங்காணியிடமும் சொன்னார். மேல் டிவிசனிலும் ஒரு இடம் பயமாக இருக்கிறது என்று பியதாசவின் லொறியில் அங்கே போனார். அவர் போன பின்னால் பாதையில் மண் சரிந்தது. துரையும் லொறியும் மேலே, நாங்கள் கீழே. மேல் டிவிசன் போனும் செத்துவிட்டது.

"காலையில நான் கூட்டிக்கிட்டுப் போயிர்றேங்க ஐயா. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார் சின்னையா.

யோசிக்காதே என்று யாராவது சொன்னால் நான் கேட்டு நடப்பவன்.

காலை ஏழேகாலுக்குப் போன் எடுத்தேன். அன்று கொழும்பு ஒரே ஒரு வரியைத்தான் கேட்டது. ஓப்பநாயக்க சந்தியில் அரசாங்க ஆபிஸ் இரண்டு லொறிகளை நிறுத்தி வைத்திருக்கிறது, எங்களுக்கு வேண்டுமா, அல்லது வேறு இடத்துக்கு விடலாமா என்று. நான் வாசித்தேன்: ஃபோர்டீன் ஃபேமிலீஸ் ஹேவ் மூவ்ட் டு தி ஸ்கூல். பதினாலு குடும்பமும் போய்விட்டது. "வெரி குட்" என்றது கொழும்பு. நான் போனை வைத்துவிட்டு ஃபிளாஸ்கைத் திறந்தேன்.

முத்துலெச்சுமி உள்ளே வந்தாள். கீழ் லயத்துக் கடைசிக் காம்பரா அவளுடையது, கொழுந்தெடுப்பவள். தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் ஆபிஸ் சிமெந்தில் கொட்டியது.

"ஐயா, பள்ளிக்கூடத்துச் சாவி ஒங்ககிட்டவா இருக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலிக்குப் பின்னால், கலண்டருக்குக் கீழே, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் சாவியை அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார். எல்லாருக்கும் தெரியும். எனக்கு எல்லாரையும்விடத் தெரியும். சாவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டார்கள் என்று நான் கொழும்புக்குச் சொல்லியிருக்கிறேன்.

"நீங்க போகலையா?" என்றேன்.

"போனோம். விடியக் கருக்கல்லயே கங்காணியோட போனோம். பூட்டிக் கெடந்துச்சு. வெளி வராந்தாவுல பாதிப் பேரு கூட நிக்க ஏலாது, சாரல் அடிக்குது. கைப்புள்ளைங்க நடுங்குதுக. திரும்ப லயத்துக்கே வந்துட்டோம். இப்பக் கெழடுகட்டைகளை மறுபடி நடத்திக் கூட்டிப்போக முடியாதுங்க, பாலத்துக்கு மேல தண்ணி போகுது. லொறி ஏதும் வருமா?"

அந்த நேரத்தில் என் மனசு என்ன சொன்னது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பேசாமல் இரு என்றது. சாவியைக் கொடு, எப்படியும் அரை மணி நேரத்தில் போய்விடுவார்கள், நீ சொன்னது தானாக உண்மையாகிவிடும், பதினோரு வருஷமாக ஆகவில்லையா என்றது. திரும்பப் போன் எடுத்து, நான் சொன்னது நடக்கவில்லை என்று சொன்னால் வேலை நிற்காது. எனக்கு இரண்டு பிள்ளைகள், கம்பெனி குவாட்டர்ஸ் வீடு.

முத்துலெச்சுமி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனைச் சுழற்றினேன். கொழும்பில் அதே ஆள்தான் எடுத்தார்.

"சேர், தே ஹேவ் நாட் மூவ்ட்."

"வாட்? யூ செட் தே ஹேவ்."

"யெஸ் சேர். ஐ ஹேவ் டோல்ட் லை, சேர்."

கம்பெனியின் சரித்திரத்தில் இந்த வாக்கியம் அதற்கு முன் பதிவாகவில்லை போலிருக்கிறது. பிறகு அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமாக இருந்தது. லொறிகள் இரண்டும் அப்போதே வேறு பக்கம் திரும்பிவிட்டனவாம். எப்படியோ ஒன்றை மறித்து அனுப்பினார்கள். முக்கால் மணி நேரம் பிந்தி அது கீழ் லயத்துக்கு வந்து சேர்ந்தது, கூட ஒரு சிங்களப் பொலிஸ்காரரும்.

நான் குடையோடு அங்கே நின்றேன். கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாம் லொறியில், ஆண்கள் பின்னால் நடந்து பாலத்தைத் தாண்டுவது என்று ஏற்பாடு. எல்லாரும் ஏறினார்கள். முத்துலெச்சுமி மட்டும் காம்பரா வாசலில் நின்றாள்.

"என்ன புள்ள, ஏறு."

"நீங்க போங்க ஐயா. நானும் எம்மக சாந்தினியும் இங்கயே இருந்துக்கறோம்."

"ஏன்?"

"அவ பெரிய மனுசி ஆகி இன்னைக்கு மூணு நாளு. இன்னும் தண்ணி ஊத்தல. மூலையில சாக்குக் கட்டி ஒக்கார வச்சிருக்கேன். இத்தனை ஆம்பளை கண்ணு முன்னால எப்படிங்க நடத்திக் கூட்டிப் போறது? பள்ளிக்கூடத்துல சாமி படம் வேற இருக்கு."

"பதினாலு குடும்பம்னு நான் கொழும்புக்குச் சொல்லியிருக்கேன் முத்துலெச்சுமி."

"நீங்க சொன்னீங்கன்னு மலை நிக்குமாங்க ஐயா?" என்றாள்.

"அதையேதான் நானும் கேக்குறேன். நீ சொல்றேன்னு நிக்குமா?"

அவள் வாசலை விட்டு நகரவில்லை. அப்போதுதான் எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்தது. மகன்கள் இருவரும் லீவுக்கு மாமன் வீட்டில். குவாட்டர்ஸில் என் மனைவி மட்டும்தான்.

"சாமி படம் இருக்கற எடத்துக்கு வேணாம். எங்க வீட்டுக்கு வரட்டும். அங்க ஒரே ஒரு ஆம்பளை, அவனையும் வெளிய போட்டுர்றேன். லொறியில பொம்பளைங்க நடுவுல சீலையை மறைச்சுப் புடிச்சு ஒக்கார வை. இங்க இருந்து லொறி வரைக்கும்தானே? ஒரு கண்ணும் படாது, அதுக்கு நான் பொறுப்பு."

திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டேன்: "ஆம்பளைங்க எல்லாம் அந்தாண்ட திரும்பி நில்லுங்க. மலையைப் பார்த்து நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் திரும்பக் கூடாது."

இருபது ஆம்பளைகள் மழையில் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். லொறி டிரைவரும் இறங்கி நின்றார். பொலிஸ்காரருக்கு விஷயம் புரியவில்லை.

"ஏன் மஹத்தயா, அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க. பாருங்க."

அவர் நல்ல மனுஷன், பார்த்தார். நானும் பார்த்தேன். பின்னால் சலசலவென்று பெண்கள் ஓடுகிற சத்தம். யாரோ குலவை போட்டு, யாரோ அதட்டி நிறுத்தினார்கள். அந்த நேரத்தில்தான் பொலிஸ்காரர் கையை நீட்டினார்.

"மஹத்தயா, கஹ எனவா."

மரம் வருகிறது என்றார். மலைச் சரிவில் ஒரு அல்பீசியா மரம். அது விழவில்லை, சாயவில்லை. நின்ற வாக்கிலேயே, ஒருவர் மெதுவாகப் படி இறங்குவது போல, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. பதினோரு வருஷமாகப் போய்விட்டது, ஆகிவிட்டது என்றே எழுதிக்கொண்டிருந்தவன் நான். ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஓடுங்க" என்று கத்தினேன். ஓடியவர்களில் முதல் ஆள் நான்தான். கிளாக்கர் என்றால் வழிகாட்ட வேண்டாமா? லொறி முன்னால் போக, ஆண்கள் முழங்கால் தண்ணீரில் பாலத்தைத் தாண்டினோம். அடுத்த வளைவு திரும்பும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. மலை வந்து லயத்தின் கடைசி ஆறு காம்பராக்களை மூடிவிட்டது. முத்துலெச்சுமியின் காம்பரா இருந்த இடத்தில் அந்த அல்பீசியா மரம் நின்றது, இலை கூட உதிராமல். அவளுடைய இரண்டு ஆடுகள் போய்விட்டன. ஆள் ஒருவர் கூடப் போகவில்லை.

ஆண்களைத் திரும்பி நிற்க வைத்திராவிட்டால் எல்லாரும் லொறியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். யார் எங்கே உட்காருவது என்று இன்னும் பத்து நிமிஷம் பேசியிருப்போம். அந்தப் பெண் பிள்ளை பெரியவளானதற்கு நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

என் மனைவி வாசலிலேயே வந்து சாந்தினியைச் சீலையோடு சேர்த்து வாங்கிக்கொண்டாள். "சரி, நீங்க போங்க" என்றாள் என்னிடம்.

"எங்க போறது?"

"எங்கயாவது போங்க. தண்ணி ஊத்துற வரைக்கும் ஒங்களுக்கு இங்க வீடு கெடையாது."

மிச்ச நாட்கள் முழுவதும் ஆபிஸ் மேசைதான் எனக்குக் கட்டில்.

பள்ளிக்கூடத்துக்குப் போய், வாசலில் நின்று, ஒரு புதுக் கடதாசியில் எழுதினேன். ஒவ்வொரு ஆளும் வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்த பிறகுதான் அந்தப் பெயரை எழுதினேன். கருப்பையா ஹேஸ் கம். மாரியாயி ஹேஸ் கம். ஒரு கைக்குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, பேபி ஹேஸ் கம். அறுபத்தொரு வரி. அறுபத்திரண்டாவது வரி: சாந்தினி ஹேஸ் கோன் டு கிளார்க்ஸ் குவாட்டர்ஸ்.

மூன்று மணிக்கு மேல் துரை வந்தார். மேல் டிவிசனிலிருந்து சரிந்த மண்ணைத் தாண்டி நடந்தே வந்திருக்கிறார். இடுப்பு வரை சேறு, ஒரு காலில் சப்பாத்து இல்லை. கீழ் லயத்தை வழியில் பார்த்துவிட்டார் என்று முகம் சொன்னது. கையை நீட்டினார். கடதாசியைக் கொடுத்தேன்.

வகுப்பின் நடுவில் நின்று முதல் பெயரை வாசித்தார். "இருக்கேங்க" என்றார் கருப்பையா. புள்ளி. அடுத்த பெயர். "இருக்கேங்க." புள்ளி. அறுபத்தொரு தடவை. பேபிக்கு அதன் அம்மா சொன்னாள். நடுவில் ஒரு தடவை பென்சிலைப் பார்ப்பது போல் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டார்.

கடைசி வரியை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வா" என்றார். சப்பாத்தில்லாத அந்தக் காலோடு என் குவாட்டர்ஸ் வரை நடந்தார். முற்றத்திலேயே நின்றார்.

"நோனா, புள்ள வந்திருக்கா?"

"வந்திருக்குங்க தொரை" என்றாள் என் மனைவி, வாசலை அடைத்துக்கொண்டு. "ஆனா பார்க்க ஏலாது."

துரை கடதாசியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்ட மாதிரியே, "சாந்தினி" என்று வாசித்தார்.

உள்ளேயிருந்து சின்னதாக ஒரு குரல்: "இருக்கேங்க."

அவர் புள்ளி வைத்தார். நான் அறிந்தவரை, கண்ணால் பார்க்காமல் அந்த மனுஷர் வைத்த ஒரே புள்ளி அதுதான்.

திரும்பி வரும் வழியில் காலை ரிப்போர்ட்டின் பிரதியை நானாகவே எடுத்து நீட்டினேன். "இது நடக்கல துரை. முன்னாடியே எழுதிட்டேன். சாவி என் ஆணியிலதான் தொங்கிச்சு."

வாசித்தார். "எத்தன வருசம் இப்பிடி?"

"தொண்ணூத்திரண்டுல இருந்துங்க."

"தெரியும்" என்றார். "அஞ்சு வருசமா நான் எதுக்கு நடந்தேன்னு நெனைச்ச? சொல்லாம விட்டது என் பிழை."

அன்றைக்கு மட்டும் ஒரு தமாஷும் வாயில் வரவில்லை. அந்தப் பிரதியில் புள்ளி வைக்காமல் நாலாக மடித்துப் பையில் வைத்தார். அதை அவர் எனக்குத் திருப்பித் தரவே இல்லை.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, வராமல் இருக்குமா? ஆபிசில் டைப் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் அதை நானேதான் டைப் அடித்தேன்: தி கிளார்க் ஹேஸ் பீன் வார்ன்ட். துரை கையெழுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்தார். அதோடு கொழும்புக்குக் கடிதத்துக்கு மேல் கடிதமாக மூன்று எழுதினார், எங்கள் முறையை ஏழேகாலில் இருந்து பத்து மணிக்கு மாற்றச் சொல்லி. மூன்றாவதுக்கு ஒப்புக்கொண்டார்கள். பதினோரு வருஷப் பொய்க்கு மருந்து அவ்வளவு சின்னதாக இருந்தது. ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம், லொறி வளைவில் மறைந்த பிறகுதான் எழுதினேன். துரை மாற்றலாகிப் போன பின்னாலும் விடவில்லை. நானே போய்ப் பார்த்து நானே புள்ளி வைத்தேன். தொப்பை கொஞ்சம் குறைந்தது.

இந்த வருஷம் ரிடயர் ஆன அன்று கடைசி ரிப்போர்ட்டில் கடைசி வரியாக எழுதினேன்: தி ஹெட் கிளார்க் ஹேஸ் லெஃப்ட். போகாமல் புள்ளி வைக்கக் கூடாதே. கேட் வரைக்கும் நடந்தேன், பிறகு புள்ளி வைக்கத் திரும்பி வந்தேன். திரும்பி வந்ததால் வாக்கியம் பொய்யாகிவிட்டது. இரண்டு தடவை இப்படி நடந்ததைப் பார்த்துவிட்டுப் புஷ்பராணிதான் சொன்னாள், "நீங்க போங்க ஐயா, நான் சன்னல்ல பார்த்துக்கிட்டே இருந்து, நீங்க கேட்டைத் தாண்டுனதும் வச்சிர்றேன்" என்று. நம்பி வந்துவிட்டேன்.

இவ்வளவும் எழுதி முடித்து, நேற்றுப் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இன்னொரு விசயம் என்ன என்று கேட்டேன்.

"அந்தக் கடைசி ரிப்போர்ட்டுதாங்க ஐயா. அந்த வரிக்குப் புள்ளி இல்லை."

"நீதானே வைக்கிறேன்னு சொன்னே?"

"நீங்க எங்க கேட்டைத் தாண்டுனீங்க? வாச்சர் மாமாகிட்டக் கதைச்சுக்கிட்டே நின்னீங்க. ஒரு மணி நேரம் பார்த்தேன். பஸ் வந்திருச்சு, நான் போயிட்டேன். பைலைக் கட்டணும், இப்ப வச்சிரட்டுமா?"

"நீ பார்த்தியா?"

"இல்லை."

"அப்ப வைக்காத."

"அப்படின்னா பைல்ல நீங்க இன்னும் போகலைங்க ஐயா."

"இருக்கேன்" என்றேன்.